நாலு நிறத்தில் ஒருத்தி

படம் மாட்டுகிறவன் வேலை சரியாக இருந்தால் அவன் ஞாபகம் யாருக்கும் வராது. அரை அங்குலம் கோணிவிட்டால் மட்டும் அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துப் பேசுவார்கள்.

காலண்டர் மாட்ட ஆணி அடிக்கப்போய்க் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டவர்கள், புதுச் சுவரில் தப்பான இடத்தில் ஓட்டை போட்டு வீட்டுக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் என் இனம். உங்களிடம் சொன்னால்தான் என் கஷ்டம் புரியும். கோலாலம்பூரில் ஒரு பெரிய மாலில் இருக்கிற ஓவியக் கேலரிக்காக வீடு வீடாகப் போய்ப் படம் மாட்டுவது என் தொழில். எங்கள் கேலரியில் மலை, ஆறு, தாமரைக் குளமெல்லாம் கிடையாது. சார்டின் மீன் டின்னுக்கு முத்துமாலை போட்டிருப்பார்கள். உதட்டுச் சாயத்தை ஆறடி உயரத்துக்கு வரைந்திருப்பார்கள். ஒரே முகத்தை நாலு தடவை அச்சடித்து, கழுத்தில் விலைச்சீட்டைத் தொங்க விட்டிருப்பார்கள். வசதியான வீடுகளில் இப்போது இதற்குத்தான் மவுசு. கைப்பை, கடிகாரம், சென்ட் பாட்டில் என்று கடையில் வாங்கியதையே சுவரிலும் மாட்டிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

எனக்கென்ன வந்தது, எதைக் கொடுத்தாலும் மாட்டுவேன். ஆனால் முகம் உள்ள படமாக இருந்தால் ஆணி அடிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன். அந்தக் கேள்வி எனக்கு எப்படி வந்தது, அதைக் கேட்டும் பதில் கிடைக்காத ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு வருஷம் நான் எப்படி அலைந்தேன் என்பதைத்தான் எழுதியிருக்கிறேன்.

கடிகாரம் கட்டிய பெரியவர்

வேலைக்குச் சேர்ந்த புதிது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கொண்டோ அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். வீட்டில் இந்தோனேசியப் பணிப்பெண் மட்டும்தான் இருந்தாள். படத்தைப் பிரித்தால், ஐம்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒருவரின் முகம். முழுக்கத் தங்க நிறம். சுற்றிலும் ரோஜாப்பூ. கையில் ஒரு பெரிய ஸ்விஸ் கடிகாரம். எங்கே மாட்ட என்று கேட்டேன். அந்தப் பெண் பூஜை அறைக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினாள். நீங்களே சொல்லுங்கள், தங்க முகம், ரோஜாப்பூ, பூஜை அறை. நான் வேறென்ன நினைப்பேன்?

நம் வீடுகளில் போனவர்கள் படத்துக்கு ஒரு முறை இருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேலே, கொஞ்சம் முன்னால் சாய்ந்த மாதிரி மாட்டுவோம். மாலை போட ரெண்டு பக்கமும் கொக்கி, கீழே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. இருக்கிறவர்கள் படம் என்றால் கண் உயரத்துக்கு, சுவரோடு ஒட்டித் தட்டையாக இருக்கும். நான் நல்ல மனசோடு முதல் முறையைச் செய்தேன். பல்பைக்கூட என் கையிலிருந்த ஒன்றைப் போட்டு எரிய விட்டேன். சந்தைக்குப் போயிருந்த வீட்டம்மா உள்ளே வந்தார். கையிலிருந்த கீரைக்கட்டு கீழே விழுந்தது. அன்று மத்தியானமே அந்த மனிதரை வேலையிலிருந்து வரவழைத்து, உட்கார வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் எந்த முகத்தைக் கண்டாலும் "இருக்காங்களா, இல்லையா?" என்று கேட்காமல் நான் டிரில்லைத் தொடுவதில்லை. ஏணியில் நின்றிருந்த என்னிடம் அந்த அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னது இவ்வளவுதான்: "என் வீட்டுக்காரர் ஆபீஸ்ல மீட்டிங்கில இருக்காரு. அதுக்குள்ள நீங்க ஏன் அவரை அனுப்பி வச்சீங்க?"

பைக்குள் கிடைத்தவள்

மித்ரா செந்தூல் ஃபிளாட்டில் அப்பா அம்மாவோடு இருக்கிற பெண். இருபத்தாறு வயசு. எங்கள் கேலரிக்குப் படம் வரைந்து கொடுக்கிறாள். அவள் வேலை செய்கிற விதமே தனி. பழைய துணியையும் பையையும் மலையாகக் குவித்து விற்கிற பண்டல் கடைகளுக்குப் போய், பெரிய கம்பெனிக் கைப்பைகளாகப் பொறுக்கிக்கொண்டு வருவாள். அசலா நகலா என்று பார்க்க மாட்டாள். அதை வெட்டி, தோலைக் கேன்வாஸில் ஒட்டி, மேலே முகங்களை அச்சாக இறக்குவாள்.

ஒரு பையை வெட்டும்போது, கிழிந்துபோன உள் துணிக்குள்ளிருந்து பாஸ்போர்ட் அளவுப் போட்டோ ஒன்று விழுந்திருக்கிறது. முப்பது, முப்பத்திரண்டு வயசுத் தமிழ்ப் பெண். நடு வகிடு, சின்னப் பொட்டு. சிரிக்கலாமா கூடாதா என்று போட்டோக்காரரிடம் கேட்கிற மாதிரி ஒரு முகம். பின்பக்கம் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. மித்ராவுக்கு அந்த முகம் பிடித்துப்போயிற்று. நாலு தடவை அச்சடித்தாள்: ரோஸ், மஞ்சள், நீலம், பச்சை. நாலு பேர் கையிலும் அதே பையின் தோலில் வெட்டி ஒட்டிய ஒரு கைப்பை. ஐந்தடிக்கு ஐந்தடிப் படம். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது, சத்தியமாகச் சொல்கிறேன்.

நான் வழக்கம்போலக் கேட்டேன், இருக்காங்களா இல்லையா என்று. அவள் முகம் வெளிறிப்போயிற்று. அதுவரைக்கும் அவள் அதை ஒரு ஆளாகவே நினைக்கவில்லை. உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு யாராவது மாலை போட்டு விளக்கு வைத்துவிட்டால் அந்தப் பாவம் தனக்குத்தான் வரும் என்று பயந்தாள். தெரிகிற வரைக்கும் தட்டையாகத்தான் மாட்டுவேன், பூவும் பல்பும் கிட்டே வராது என்று நான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அப்போது அவள் சொன்னது: "இருக்காங்கன்னா சொல்லிட்டு வரைஞ்சிருக்கணும். இல்லைன்னா கும்பிட்டுட்டு வரைஞ்சிருக்கணும். நான் ரெண்டுமே செய்யலண்ணே."

பங்சார் வக்கீல்

கேலரி முதலாளி அம்மா ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார். படத்தை ரெண்டு வாரம் வீட்டில் மாட்டிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். இந்தப் படத்தை முதலில் கேட்டவர் பங்சாரில் தனியாக இருக்கிற ஒரு வக்கீல். சோபாவுக்கு எதிரே தட்டையாக மாட்டிவிட்டு வந்தேன். ஒன்பதாவது நாள் போன். போனால் மனிதர் சோபாவைத் திருப்பிப் போட்டு, படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். நாலு பேரில் மூன்று பேர் தன்னைப் பார்ப்பதாகவும், பச்சை நிறத்தவள் மட்டும் வாசல் கதவைப் பார்ப்பதாகவும் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லாம் ஒரே அச்சிலிருந்து இறங்கிய முகம், அதெப்படி ஒருத்தி மட்டும் வேறு பக்கம் பார்ப்பாள்? அவர் முன்னாலேயே டேப்பை எடுத்து அளந்தேன். மூக்கு நுனியிலிருந்து இடது கருவிழி, வலது கருவிழி. நாலு முகத்திலும் ஒரு நூல்கூட வித்தியாசமில்லை. பெருமையாகத் திரும்பி அவரிடம் காட்டினேன். காட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கும்போது நானும் ஒரு தடவை பார்த்தேன். வேண்டாம், நான் பார்த்ததை எழுதினால் நீங்கள் என்னைத்தான் சந்தேகப்படுவீர்கள். படத்தைக் கழற்றிச் சுற்றினேன். வக்கீல் கதவு வரைக்கும் வந்து சொன்னார்: "அளவு சரியாத்தான் இருக்கும், பாஸ். யாரோ வருவாங்கன்னு காத்துக்கிட்டு இருக்கிறவகூட ஒரே வீட்டுல இருக்க முடியல, அவ்வளவுதான்."

வேனில் வந்த மூச்சு

என்னோடு வேன் ஓட்டுகிற ரோஸ்லி மலாய்க்காரர், என் வயசுதான். பத்து வருஷம் தமிழர்களோடு படம் தூக்கித் தூக்கி, நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். பங்சாரிலிருந்து படத்தை ஏற்றிக்கொண்டு ஃபெடரல் ஹைவேயில் வரும்போது மத்தியான மழை பிடித்துக்கொண்டது. வண்டிகள் ஊர்ந்தன. பின்னால் படம் பிளாஸ்டிக்கில் சுற்றி, பெல்ட் போட்டுக் கட்டி நிற்கிறது. ரோஸ்லி கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அப்புறம் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் பேச்சை நிறுத்துகிற ஆளே இல்லை, அதனால் நானும் திரும்பிப் பார்த்தேன்.

பிளாஸ்டிக்கின் உள்பக்கம் நாலு இடத்தில் மட்டும் ஆவி படிந்திருந்தது. நாலும் வட்டம் வட்டமாக, நாலு முகத்துக்கும் வாய் இருக்கிற இடத்தில். மற்ற இடமெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி தெளிவு. வார்னிஷ் புதுசு, உள்ளே சூடு, வெளியே மழை, அப்படித்தான் ஆவி பிடிக்கும் என்று நான் விளக்கம் சொன்னேன். உதட்டில் மட்டும் வார்னிஷ் தடிப்பாக இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. ரோஸ்லி பிளிங்கர் போட்டு ஓரத்தில் நிறுத்தி, இறங்கி, மழையில் நனைந்துகொண்டே பின்கதவைத் திறந்து பிளாஸ்டிக்கில் கத்தியால் ஒரு கீறல் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். எதற்கு என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "நீங்க சொல்ற வார்னிஷ் கதையை நான் நம்புறேன் லா. ஆனா காத்து வேணும்னா குடுத்துட்டுப் போவோமே."

சுங்கை பூலோவில் பை பார்த்தவர்

அடுத்து கேட்டவர் சுங்கை பூலோவில் ஒரு அம்மா. அவர் வீட்டில் மனுஷர் படுக்கிற அறையைவிடப் பை வைக்கிற அறை பெரிது. கண்ணாடி அலமாரி, குளிர்சாதனம், ஒவ்வொரு பைக்கும் தனி விளக்கு. அந்த அறையில் மாட்டத்தான் கேட்டிருந்தார். படத்தைப் பிரித்ததும் அவர் முகங்களைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய், ஒட்டியிருந்த தோலைத் தடவினார். அதோடு ஒட்டியிருந்த பையின் கொக்கியைத் திருப்பி எதையோ படித்தார். தையலை நகத்தால் எண்ணினார். டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி அரை மணி நேரம்.

பிறகு என்னிடம் இந்தப் பை எங்கே கிடைத்தது என்று கேட்டார். பண்டல் கடையில் என்றேன். போட்டோ அதற்குள் இருந்ததையும் சொன்னேன். அந்த அம்மா கையைத் தோலிலிருந்து எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார். படத்தைத் தன் அறைக்குள் வைக்க வேண்டாம், எடுத்துப்போங்கள் என்றார். நான் காரணம் கேட்டேன். அவர் சொன்ன காரணம் எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவிடவில்லை: "இது அசல் பை. அசல் பையை எந்தப் பொம்பளையும் போட்டோவோட சேர்த்துத் தூக்கிப் போட மாட்டா. ஒண்ணு, இதை அவகிட்ட இருந்து யாரோ எடுத்திருக்கணும். இல்லாட்டி, இதை எடுத்துக்கக்கூட அவளுக்கு நேரம் இல்லாம போயிருக்கணும்."

பூச்சோங் மாலை

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன். ஜெயந்தி அக்கா பூச்சோங்கில் அழகு நிலையம் வைத்திருக்கிறார். ரெண்டு தடவை திரும்பி வந்த படம் என்று தெரிந்தும் தைரியமாக வாங்கினார். முடி வெட்டுகிற நாற்காலிகளுக்குப் பின்சுவரில் மாட்டச் சொன்னார். மாட்டினேன், தட்டையாக. ஒரு மாசம் ஒன்றுமில்லை. அப்புறம் அங்கே வேலை செய்கிற பெண்கள் கடையைத் திறக்கத் தனியாக வரமாட்டேன் என்றார்கள். கண்ணாடியில் அந்த நாலு பேரும் தெரிகிறார்களாம். அதனாலென்ன, கண்ணாடி என்றால் தெரியத்தானே செய்யும் என்றேன். வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் எழுந்து போன பிறகும், காலி நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரிகிறார்கள் என்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஜெயந்தி அக்கா கூப்பிட்டு, கொக்கியும் பல்பும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். போனால், மல்லிகை மாலை வாங்கித் தயாராக வைத்திருக்கிறார். ஐந்தடிப் படத்துக்குப் போதுமான நீளத்தில். நான் மறுத்தேன். யாரென்றே தெரியாது, இருக்கிறாரா இல்லையா என்றும் தெரியாது, மாலை போடக் கூடாது என்றேன். மித்ராவுக்குக் கொடுத்த வாக்கையும் சொன்னேன். அக்கா கேட்கிற மாதிரி இல்லை. அங்கே வேலை செய்கிற பெண்கள் நாலு பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், பயந்த முகத்தோடு. மாலை வாடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மாலை போட்டால் நானும் நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஒரு ஆசை. படத்தை ஒரு அடி உயர்த்தி, முன்னால் சாய்த்து, கொக்கி அடித்து, மாலையும் பல்பும் போட்டுவிட்டேன். ஜெயந்தி அக்கா சூடம் காட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "செத்தவங்களை மரியாதையா வச்சா சும்மா இருப்பாங்கண்ணே. உயிரோட இருக்கிறவங்கதான் தொல்லை."

பாதிப் புருவம்

சரியாக ஐந்து நாள். நான் ஒரு வீட்டில் ஏணி மேல் நிற்கும்போது ஜெயந்தி அக்காவிடமிருந்து போன். பேசுவது அவர்தானா என்று சந்தேகமாக இருந்தது, அவ்வளவு மெல்லிய குரல். அன்று காலை புதிதாக ஒரு பெண் புருவம் எடுக்க வந்திருக்கிறார். நாற்காலியைச் சாய்த்து, நூல் போட்டு ஒரு புருவம் முடிந்திருக்கிறது. சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று நாற்காலியை நிமிர்த்தியிருக்கிறார்கள். எதிரே கண்ணாடி. கண்ணாடியில் பின்சுவர். பின்சுவரில் படம், மாலை, சிவப்பு விளக்கு.

அந்தப் பெண் கத்தவில்லையாம். எழுந்து திரும்பி, படத்துக்கு எதிரே போய் நின்று, "எப்போ?" என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் எதுவும் புரியவில்லை. மறுபடியும் "எப்போ?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். பதில் வராமல், ஒரு புருவம் எடுத்தும் ஒரு புருவம் எடுக்காமலும், செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டார். செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது என்றார் அக்கா. சரி, தெரிந்தவர் யாரோ, அதற்கு நீங்கள் ஏன் இப்படி நடுங்குகிறீர்கள் என்று கேட்டேன். ஏணியிலிருந்து நான் ஏன் இறங்கி உட்கார்ந்தேன் என்பது அவர் சொன்ன பதிலைக் கேட்டால் உங்களுக்குத் தெரியும்: "நூல் போட்ட பொண்ணு பார்த்துட்டு அழுதுக்கிட்டு இருக்காண்ணே. செவுத்துல நாலு முகம் இருந்துச்சு. அஞ்சாவது முகம் நாற்காலியில உட்கார்ந்திருந்துச்சு."

மித்ராவிடம் திட்டு

மித்ராவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். வேறு வழி? வாக்குக் கொடுத்தவனும் நான், மீறியவனும் நான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். பெயிண்ட் கையைத் துடைத்துக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தாள். பூச்சோங்கில் இறங்கியதும் அவளே நாற்காலி போட்டு ஏறி மாலையைக் கழற்றினாள். பல்பைப் பிடுங்கினாள். அந்தப் பெண் வாட்ஸாப்பில் நேரம் கேட்டிருந்ததால் ஜெயந்தி அக்காவிடம் நம்பர் இருந்தது. பெயர் கமலா, கிள்ளான்காரர்.

மித்ரா அங்கேயே நின்று போன் செய்தாள். எடுத்தவர் கமலாவின் அண்ணன். படத்தில் இருக்கிறவர் கமலாவின் அக்கா புஷ்பா என்றார். பதினோரு வருஷத்துக்கு முன் காலையில் வேலைக்குப் போனவர் வேலைக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. இத்தனை வருஷம் காரியம் செய்யவிடாமல் கமலா பிடிவாதமாக இருந்தாராம். இப்போது மாலை போட்ட படத்தைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சரி, செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். பூசாரிக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. மித்ரா போனை வைத்தாள். படத்தைக் கமலாவுக்கே கொடுத்துவிடுவதென்று ஜெயந்தி அக்காவும் அவளும் அங்கேயே முடிவு செய்தார்கள். நான் என்ன செய்ய வேண்டும் என்பதையும் மித்ரா முடிவு செய்துவிட்டிருந்தாள்: "செவுத்துல இருந்த மாலையை நான் கழட்டிட்டேன். அவங்க மனசுல போட்ட மாலையை நீங்களே போய்க் கழட்டிட்டு வாங்கண்ணே."

கிள்ளான்

மறுநாள் காலை நானும் ரோஸ்லியும் படத்தோடும் அந்தச் செருப்போடும் கிள்ளானுக்குப் போனோம். வரிசை வீடு. கதவைத் தட்டினேன். திறந்தது படத்தில் இருக்கிற முகம். ஒரு வருஷமாக ரோஸிலும் மஞ்சளிலும் நீலத்திலும் பச்சையிலும் தூக்கிச் சுமந்த முகத்தை முதல் தடவையாக மனுஷத் தோல் நிறத்தில் பார்க்கிறேன். கொஞ்சம் வயசாகி, கண்ணுக்குக் கீழே வீங்கி, ஒரு புருவம் ஒழுங்காகவும் ஒரு புருவம் கலைந்தும். ரோஸ்லி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒன்றரை வயசுதான் வித்தியாசம், முகம் ஒரே அச்சு என்று அவரே சொன்ன பிறகுதான் எனக்குக் கால் தரையில் நின்றது.

உள்ளே நாற்காலிகளையெல்லாம் ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். அண்ணன் செல்வம் சுவரில் புதிதாக ஒரு ஆணி அடித்து வைத்திருந்தார், ஆள் உயரத்துக்கு மேலே. பக்கத்தில் பல்புக்கு வயரும் இழுத்தாயிற்று. என் வேலையை எனக்கு முன்னாலேயே செய்து வைத்திருந்தார். நான் செருப்பைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போட்டோ எங்கே கிடைத்தது, மாலை எதற்காகப் போட்டது, போட்டது யார். உங்கள் அக்கா இருக்கிறாரா இல்லையா என்பதே எங்கள் யாருக்கும் தெரியாது, பெயர்கூட நேற்றுத்தான் தெரியும், பயந்துபோய் நான் செய்த முட்டாள்தனம், மன்னிச்சிருங்க என்றேன். கமலா தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அண்ணன் மட்டும், இப்படியே பதினோரு வருஷம் போச்சு, ஏதாவது ஒரு முடிவுக்கு வரணுமே என்று மெதுவாகச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர்.

படத்தைப் பிரித்தோம். கமலா முகத்தைத் தொடவில்லை, தோலைத்தான் தொட்டார். புஷ்பா மாலில் பை விற்கிற கடையில் வேலை பார்த்தவராம். அடுத்தவர்களுக்கு விற்று விற்று, தனக்கும் ஒன்று வேண்டுமென்று ஒன்றரை வருஷம் சேர்த்து வாங்கினாராம். பாஸ்போர்ட் எடுக்கப் போட்டோ பிடித்து அதில்தான் வைத்திருந்தார். காணாமல் போன அன்று தோளில் மாட்டிக்கொண்டு போனது அந்தப் பைதான். சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பை மட்டும் திரும்பி வந்திருக்கிறது என்பது அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது. எனக்கும்தான். சுங்கை பூலோ அம்மா சொன்னது என் தொண்டை வரைக்கும் வந்தது, நான் சொல்லவில்லை. கமலா எழுந்தார். மித்ரா கொடுத்தனுப்பிய சின்ன போட்டோவையும் பண்டல் கடை விலாசம் எழுதிய சீட்டையும் வாங்கிக்கொண்டார். பழைய போலீஸ் ரிப்போர்ட் நகலை அலமாரியிலிருந்து எடுத்து, மூன்றையும் ஒரே உறையில் போட்டார். நாளைக்கே ஸ்டேஷனுக்குப் போறேன் என்றார்.

எனக்குக் கிளம்பத் தெரியவில்லை. கை பழக்கத்தில், கோணல் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்துவிட்டேன். எடுத்தபின் கேட்காமல் இருக்க முடியவில்லை. எப்படி மாட்டட்டும், உயரத்திலா, கண் மட்டத்திலா என்று கேட்டேன். என் தொழிலில் இதைவிடக் கேவலமான கேள்வியை நான் கேட்டதில்லை. அண்ணன் ஆணியைப் பார்த்தார். கமலா ஆணியைப் பார்க்கவில்லை. ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகிற குறுகலான வழியைக் காட்டி, அங்கே தரையில் வைக்கச் சொன்னார். வழியை அடைக்குமே, இடிபடுமே என்றேன். அவர் சொன்னார்: "இடிபடட்டும். செவுத்துல மாட்டிட்டா எல்லாரும் கும்பிட்டுட்டுப் போயிருவாங்க. தரையில கிடந்தாத்தான் தினமும் யாராவது தடுக்கி விழுந்து, இவ எங்கன்னு கேப்பாங்க."

அன்றைக்கு வேனிலிருந்து ஏணியையும் இறக்கவில்லை, டிரில்லையும் இறக்கவில்லை, ஆனாலும் திரும்பி வரும்போது எனக்கும் ரோஸ்லிக்கும் இடுப்பு ஒடிந்துபோயிருந்தது.